ஆர்மீனிய மெய்யொலிகள்: எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

ஆர்மீனியம் கற்கும் தமிழருக்கு உயிரொலிகளில் பெரிய தொல்லை இல்லை. பெயரின் பின்னால் உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் இலக்கணமும் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. சிக்கல் எல்லாம் மெய்யொலிகளில்தான். "அந்த ஒலி நம் வாயில் வராது" என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது உண்மையான காரணம் அல்ல.

கல், பகல், பங்கு, பக்கம் என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றே, ஒலி ஒன்றல்ல. தொண்டை எங்கே அதிரும், எங்கே அதிராது என்பதைச் சொல்லில் அந்த எழுத்து நிற்கும் இடம் முடிவு செய்கிறது. நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஆர்மீனியத்தில் அப்படி இல்லை. 405-ஆம் ஆண்டு வாக்கில் மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் 36 எழுத்துகளை வகுத்தபோது, அதிரும் ஒலிக்கு ஓர் எழுத்து, அதிராததற்கு ஓர் எழுத்து, மூச்சோடு வருவதற்கு ஓர் எழுத்து என்று தனித்தனியாகவே கொடுத்தார். (பிற்காலத்தில் இன்னும் இரண்டு எழுத்துகள் சேர்ந்தன.) நம் வல்லினத்துக்கு ஒப்பான வரிசையில் மட்டும் 15 எழுத்துகள்: ஐந்து இடங்கள், இடத்துக்கு மூன்று. ஆகவே புதிய ஒலிகளைப் பழகுவதைவிட, பழைய ஒலிகளை இடத்தின் பிடியிலிருந்து விடுவிப்பதுதான் பெரிய வேலை.

குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சுலோகப் புத்தகங்களில் க¹, க², க³, க⁴ என்று அச்சிடுவார்களே, அதையே இங்கே பயன்படுத்துகிறேன். 1 என்றால் அதிர்வும் இல்லை, மூச்சும் இல்லை. 2 என்றால் மூச்சோடு. 3 என்றால் அதிர்வோடு. நான்காவது தேவைப்படாது. சகர வரிசையில் ச¹, ச², ஜ. த்ஸ¹, த்ஸ², த்ஸ³ என்று இன்னொரு வரிசையும் உண்டு. ஆய்தம் முன்னால் வந்தால் உரசும் ஒலி: ஃக, ஃக³, ஃஸ, ஃஷ. மேற்கோள் போன்ற ’ குறி, நம் குற்றியலுகரத்துக்கு நெருக்கமான மிகக் குறுகிய உயிரைக் காட்டும்.

பாடத்தில் ஒன்று, காதில் வேறொன்று

வேறு எதையும் திருத்துவதற்கு முன் இதைப் பாருங்கள், ஏனென்றால் தவறு உங்களுடையதாகவே இல்லாமல் இருக்கலாம். 'நல்ல' என்பதற்குப் பாடத்தில் ப³ரி என்று கேட்டிருப்பீர்கள். பெய்ரூத்தில் வளர்ந்த நண்பர் ப²ரி என்பார். ஒருவர் பெயரைப் பெ¹த்¹ரொஸ் என்கிறார்கள், இன்னொரு குடும்பத்தில் அதே பெயர் பெ³த்³ரொஸ். க¹ரபெ¹த்¹ என்பவர் க³ரபெ³த்³ ஆகிறார். க்³’ரிகொ³ர் என்பவர் க்²’ரிகொ²ர் ஆகிறார். எழுத்தில் எல்லாம் ஒன்றே.

இவை கிழக்கு ஆர்மீனியமும் மேற்கு ஆர்மீனியமும். ஆர்மீனியக் குடியரசிலும் ஈரானிலும் பேசுவது கிழக்கு. இஸ்தான்புல், பெய்ரூத், அலெப்போ, இன்னும் 1915-க்குப் பின் ஒட்டோமான் நிலத்திலிருந்து சிதறியவர்களின் குடும்பங்கள் பேசுவது மேற்கு. மாற்றம் ஒழுங்கானது: கிழக்கின் 1 மேற்கில் 3 ஆகிறது, கிழக்கின் 3 மேற்கில் 2 ஆகிறது, 2 அப்படியே நிற்கிறது. அதனால் கிழக்கில் மூன்று வரிசை, மேற்கில் இரண்டே வரிசை.

யாரோடு பேசப் போகிறீர்களோ அவர்களின் ஆர்மீனியத்தைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். கலந்து பழகுவதைப் போலக் காதைக் கெடுப்பது வேறில்லை. கீழே வருவது எல்லாம் கிழக்கின்படி. மேற்கில் மாறும் முக்கியமான இடங்களை மட்டும் குறிப்பிடுகிறேன்.

விலை கேட்டால் 'பெண்' என்று கேட்கிறது

விலை என்பது கி³ன். பெண் என்பது கி¹ன். கடையில் இந்த இரண்டும் கலந்தால் சங்கடம். பாடம் த³ஸ், கிண்ணம் த²ஸ், 'நீ கொடுத்தால்' என்ற பொருளில் வருவது த¹ஸ். இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லி, உள்ளங்கையை வாயின் முன் வைத்துச் சோதியுங்கள். த²ஸ் சொல்லும்போது மட்டும் கையில் காற்று பட வேண்டும். த³ஸ் சொல்லும்போது தொண்டையில் வைத்த விரலில் அதிர்வு த் தொடங்கும்போதே தெரிய வேண்டும்.

சொல் முதலில் வரும் 3 நமக்குக் கடினமே இல்லை. பஸ், கேட் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். எழுத்தில் பகரத்தைப் பார்த்ததும் நாக்கு 'பல்' என்று தொடங்குவதுதான் தவறுக்குக் காரணம். ப³ரி என்பதை 'பஸ்' சொல்லும் வாயோடு தொடங்குங்கள்.

1 நமக்குப் பிறப்புரிமை. கல், பல், தலை ஆகியவற்றின் முதல் ஒலி அதுவே. ஆங்கிலத்தில் பேசிப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து மூச்சைச் சேர்த்துவிடுகிறார்கள். தமிழ் வாயோடு சொன்னாலே போதும். ஆர்மீனியாவின் தலைநகரான யெரெவன்காரர் சிலர் இந்த ஒலியைத் தொண்டையை இறுக்கி வெடிப்பதுபோல் சொல்வார்கள். அதைப் பின்பற்றத் தேவையில்லை.

உண்மையில் உழைக்க வேண்டியது 2-க்குத்தான். உதடு திறந்த பிறகு தொண்டை அதிரத் தொடங்குவதைச் சற்றே தள்ளிப்போடுவது, அவ்வளவுதான் அதன் இயக்கம். அந்த இடைவெளியில் மூச்சு வெளியேறுகிறது. இதில் இரண்டு கோளாறுகள் அடிக்கடி வரும். ஒன்று, ப²-வை ஃப என்று சொல்வது. நம்மில் பலர் ப²லம் (பயன்) என்ற வடசொல்லையும் அப்படித்தான் சொல்கிறோம். ஆர்மீனியத்தில் ஃப-வுக்குத் தனி எழுத்து இருக்கிறது. பணத்தைக் குறிக்கும் பொ²ஃக்³ என்ற சொல்லில் உதடுகள் இரண்டும் முழுதாக ஒட்டித் திறக்க வேண்டும். மற்றொன்று, மூச்சைத் தனி அசையாக்கி 'பஹொ' என்று நீட்டுவது. மூச்சுக்குத் தனி நேரம் இல்லை.

எண்களைவிட நல்ல பயிற்சி கிடையாது: மெக்¹, யெர்கு¹, யெரெக்², சொ²ர்ஸ், ஹிங்க்³, வெத்ஸ்², யொத்², உத்², இன்’, த¹ஸ்’. முதல் பத்துக்குள் மூன்று வரிசையும் வந்துவிடுகின்றன. ஒன்றின் கடைசிக் ககரத்தையும் மூன்றின் கடைசிக் ககரத்தையும் கையில் படும் காற்றால் பிரித்துக் காட்ட முடிந்தால், இந்தக் கோளாறு தீர்ந்தது.

சொல்லின் தொடக்கம் சரி, நடுவில் குழைகிறது

தமிழ்க் காதுக்குக் கடைசிவரை தெரியாமல் ஒளிந்திருக்கும் கோளாறு இதுதான். பூனை என்பது க¹து¹. நாம் சொல்லும்போது நடுத் தகரம் தானாக அதிர்ந்து க¹து³ ஆகிறது. பென்சில் மதி¹த்¹ என்பது மதி³த்³ ஆகிறது. தாத்தாவை பபி³க் என்று கூப்பிடுகிறோம், அவர் ப¹பி¹க்¹. உயிர்களுக்கு நடுவில் வல்லினம் மெலியும் தமிழ் விதி நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்குகிறது.

மெல்லினத்துக்குப் பின் நிலைமை இன்னும் மோசம். காடு என்பது அன்த¹ற், நண்பர் என்பது ’ங்கெ¹ர். நமக்கோ 'பங்கு', 'பந்து' என்ற பழக்கம். ங், ந் வந்ததும் அடுத்த வல்லினம் அதிர்ந்தே தீரும். விளைவு அன்த³ற், ’ங்கெ³ர். இதில் ஒரு விந்தை: மேற்கு ஆர்மீனியத்தில் இந்த இரண்டு சொற்களையும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் சொல்லின் முதலில் கிழக்கும் நடுவில் மேற்குமாக ஒரு கலவைப் பேச்சு நமக்கு அமைந்துவிடுகிறது. கேட்பவர் நாம் யாரிடம் கற்றோம் என்று குழம்புகிறார்.

மருந்து தமிழிலேயே இருக்கிறது. நம் மொழியில் வல்லினம் நடுவில் அதிராமல் நிற்க எளிய வழி இரட்டிப்பது: பக்கம், பத்து, அப்பா. ஆகவே முதலில் க¹த்து, மத்தித், பப்பிக் என்று இரட்டித்துச் சொல்லுங்கள். தொண்டை அடங்கியிருப்பதை உணர்ந்த பின், அந்த அடக்கத்தை விடாமல், நீளத்தை மட்டும் படிப்படியாகக் குறையுங்கள். கடைசியில் ஒற்றை ஒலிதான் நிற்க வேண்டும். இரட்டித்தே விட்டுவிட்டால் அது வேறு தவறு. மெல்லினச் சொற்களுக்கு இடையில் ஒரு சிறு நிறுத்தம் வையுங்கள்: அன் — த¹ற். நிறுத்தம் தமிழ் விதியைத் துண்டிக்கிறது. பிறகு இடைவெளியைச் சுருக்குங்கள். பதில் என்பதற்கான ப¹த¹ஸ்ஃகன் என்ற சொல்லைச் சோதனைச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம். அது சுத்தமாக வந்தால் மற்றவை வரும்.

புத்தகம் என்றால் 'அந்தப் புத்தகமா?' என்கிறார்கள்

வல்லினத்தில் ஒரு சொல்லை முடிக்கத் தமிழுக்குப் பிடிக்காது. பஸ் ஸ்டாப் 'ஸ்டாப்பு' ஆகிறது, கேட் 'கேட்டு' ஆகிறது. இந்த உகர வால் பல மொழிகளில் வெறும் உச்சரிப்புக் குறையாகக் கடந்துபோகும். ஆர்மீனியத்தில் பொருளையே மாற்றுகிறது, ஏனெனில் அங்கே அந்தக் குறுகிய உயிர் ஓர் இலக்கண உருபு. மெய்யில் முடியும் பெயரோடு அது சேர்ந்தால் 'குறிப்பிட்ட அந்த' என்று பொருள்.

கி³ர்க்² என்றால் ஏதோ புத்தகம். கி³ர்க்²’ என்றால் நாம் இருவரும் அறிந்த அந்தப் புத்தகம். து¹ன் வீடு, து¹ன்’ அந்த வீடு. ஹத்ஸ்² ரொட்டி, ஹத்ஸ்²’ அந்த ரொட்டி. கி³ர்க்² எம் க¹ர்து²ம் என்று சொன்னால் ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். வாலை ஒட்டினால் கேட்பவர் "எந்தப் புத்தகம்?" என்று கேட்கத்தான் செய்வார். தமிழர் ஒருவர் எல்லாப் பெயருக்கும் வால் ஒட்டிப் பேசினால், எதைச் சொன்னாலும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த விஷயத்தைச் சொல்வதுபோல் இருக்கும்.

தீர்வு: 2-இல் முடியும் சொற்களில் மூச்சை வெளியே விட்டு, குரலை எழுப்பாமல் நிறுத்துங்கள். மூச்சு போகட்டும், குரல் போகக் கூடாது. 1-இல் முடியும் மெக்¹ போன்ற சொற்களில் நாக்கைப் பிரித்துவிட்டு உடனே மௌனம். தொண்டையில் விரலை வைத்தால் ஏமாற்ற முடியாது. கடைசி மெய்க்குப் பின் அதிர்வு இருந்தால் வால் இருக்கிறது. இந்த ஒன்றைத் திருத்தினாலே பேச்சு பாதி தெளிந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. மற்ற ஒலித் தவறுகளைக் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். இலக்கணம் மாறினால் அவரால் ஊகிக்க முடியாது.

எழுத்துப்படி வாசித்தேன், ஆனாலும் திருத்துகிறார்கள்

மனிதன் என்ற சொல்லின் கடைசி எழுத்து த்³. எல்லோரும் சொல்வது மர்த்². 'எப்போது' என்பதில் எழுத்து ப்³, ஒலி யெர்ப்². முடிவு வெர்ச்², வலம் அச்², பாம்பு ஒத்ஸ்² — எல்லாவற்றிலும் எழுதுவது அதிரும் எழுத்து, சொல்வது மூச்சொலி. வாரத்தையும் சனிக்கிழமையையும் குறிக்கும் சொல்லை ப³ போட்டு எழுதி ஷப²த்² என்கிறார்கள். ஸர்கி²ஸ் என்ற பெயரும் அப்படியே. மேலே வந்த க¹ர்து²ம் என்ற சொல்லும் அப்படியே.

ரகரத்துக்குப் பின்னால் இது மிக அதிகம். உயிருக்குப் பின்னாலும் சில சொற்களில் உண்டு, ஆனால் அங்கே விதி கைகொடுக்காது: உதவுதல் என்பது எழுத்தில் க்³, ஒலியில் ஒக்²னெல்; ஆகஸ்ட் மாதமோ எழுத்திலும் ஒலியிலும் ஒகொ³ஸ்தொ¹ஸ். ரகரத்தை அடுத்து அதிரும் எழுத்தைக் கண்டால் 2 என்று ஊகியுங்கள். மற்ற இடங்களில் உச்சரிப்பு தரும் அகராதியைப் பாருங்கள். சொல்லைக் கற்கும்போதே ஒலியோடு கற்றால் பிறகு கழற்றிப் பூட்ட வேண்டியிருக்காது.

மெய்கள் வரிசையாக நிற்கின்றன, எங்கே மூச்சு விடுவது?

ம், க், ர், த் என்று நான்கு மெய்கள் தொடர்ந்து நின்று, பிறகு இகரம் வரும் ஒரு பெயர் உண்டு. பார்த்தால் திகைப்பு, சொன்னால் ம்’க்¹’ர்தி¹ச்². எழுதாத குறுகிய உயிர் இரண்டு நடுவில் நுழைந்துவிட்டன. எழுது என்பது க்³’ரெல், போ என்பது க்³’னல், உட்கார் என்பது ன்’ஸ்தெ¹ல், கிறிஸ்தவத்தை ஏற்ற அரசனின் பெயர் த்¹’ர்த³த்¹. தொடக்கத்து மெய்க்கூட்டத்தை அவிழ்ப்பதுதான் இங்கே பொது வழக்கம்.

குற்றியலுகரம் தெரிந்த நாக்குக்கு இது இயல்பாக வரும். 'பாக்கு' என்பதன் கடைசி ஒலியை எடுத்து, உதட்டைக் குவிக்காமல், இன்னும் குறுக்கி நடுவில் வையுங்கள். முழு உகரமாக்கி 'குரெல்' என்றால் வேறு உயிராகிவிடும். ஸகரத்தில் தொடங்கும் கூட்டத்தில் அந்த உயிர் முன்னால் வருகிறது: காத்திரு என்பது ’ஸ்பா¹ஸெல். நாம் ஸ்கூலை 'இஸ்கூல்' ஆக்குகிறோமே, அதே வேலைதான், இகரம் மட்டும் வேண்டாம்.

கடல் என்றால் பஞ்சம் என்று கேட்கிறது

கடல் த்ஸொ¹வ், பஞ்சம் ஸொவ். மரம் த்ஸ¹ற், தொடக்கத்துத் த் விழுந்துவிட்டால் குளிர்ச்சியைக் குறிக்கும் சொற்களின் பக்கம் போய்விடுகிறது. தமிழ்ச் சகரம் சொல் முதலில் ஸ போலவும் இரட்டிக்கும்போது ச்ச என்றும் ஒலிப்பதால், இரண்டுக்கும் நடுவே உள்ள இந்த ஒலியை நாக்கு தவறவிடுகிறது. வத்ஸலா என்ற பெயரை மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு முதல் எழுத்தை விழுங்கிவிட்டு த்ஸலா என்று தொடங்குங்கள். இரண்டு ஒலிகளாக இல்லாமல் ஒரே அடியாக வர வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுபவர்களுக்குப் பயிற்சியே தேவையில்லை. 'மிகவும்' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் இந்த ஒலியில்தான் தொடங்குகிறது.

அது வந்துவிட்டால் அதிர்வைச் சேர்த்து த்ஸி³ (குதிரை), த்ஸு³ (முட்டை), த்ஸு³க்¹ (மீன்). மூச்சைச் சேர்த்து த்ஸ²வ் (வலி). சகர வரிசைக்கும் இதே மூன்று நிலை: ச¹ர் என்றால் பரிகாரம், ச²ர் என்றால் தீயது. பச்சை என்பதில் வரும் ச்ச ஒலியைத் தனியே எடுத்தால் ச¹ கிடைக்கும்.

ஆழம் என்றால் 'அப்பாவுடைய' என்று கேட்கிறது

ஃகொர் ஆழமானது, ஹொர் தந்தையினுடையது. ஃக-வுக்குப் பதிலாக ஹ சொல்வதுதான் கோளாறு. அதன் அதிரும் துணையான ஃக³-வுக்குப் பதிலாகக் கேட் என்பதன் முதல் ஒலியைச் சொல்வது அடுத்த கோளாறு. உப்பு அஃக்³, விளையாட்டு ஃகஃக்³, திராட்சை ஃகஃகொ³ஃக்³. இந்தக் கடைசிச் சொல்லில் ஒலி மூன்று முறை வருவதால் பயிற்சிக்கு மிக நல்லது.

பகல் என்பதில் ககரம் உரசிக்கொண்டு வருகிறதே, அங்கிருந்து தொடங்குங்கள். உரசலை விடாமல் நாக்கின் வேரைப் பின்னால், உள்நாக்கை நோக்கி இழுங்கள். வாய் கொப்பளிக்கும்போது நீர் குமிழியிடும் இடமே இலக்கு. குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அரபியின் இந்த இரண்டு ஒலிகளையும் பிரித்து ஓத அவர்கள் சிறுவயதிலேயே பயின்றிருக்கிறார்கள். அந்தப் பயிற்சியை அப்படியே இங்கே கொண்டுவரலாம்.

அதிராத ஒலிக்கு முன் நின்றால் ஃக³ தானும் அதிர்வை இழக்கும். பெண்பிள்ளை என்பதில் எழுத்து ஃக்³, ஒலி அஃக்சி²க்¹. இன்னொரு செய்தியும் பயன்படும்: பழைய ஆர்மீனியத்தில் இந்த எழுத்து லகர வகையைச் சேர்ந்தது. அதனால்தான் பவுல் பொ¹ஃகொ³ஸ் என்றும், லூக்கா ஃகு³க¹ஸ் என்றும் நிற்கிறார்கள். பெயர் பழக்கமில்லாததாகத் தோன்றினால் ஃக³ இருக்கும் இடத்தில் ல வைத்துப் பாருங்கள். பல பெயர்கள் அடையாளம் தெரியும்.

ஃஸ, ஃஷ

ஸ, ஷ சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் போதும். தவறு எங்கே வருகிறதென்றால், ஃஷம் (மணிநேரம்) என்பதை 'ஜம்' என்று நாக்கு அண்ணத்தில் ஒட்டச் சொல்வதில்தான். நாக்கு எங்கும் ஒட்டக் கூடாது. ஃஸ-வைச் சோதிக்கச் சென்னையிலிருந்தே ஒரு சொல் தருகிறேன். உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794-இல் சென்னையில்தான் வெளிவந்தது. நடத்தியவர் ஹருத்²யுன் ஷ்’மவொன்யன் என்ற பாதிரியார். இதழின் பெயர் அஃஸ்த³ரர். நம் வாயில் இது 'அஸ்தரார்' ஆகிறது: ஃஸ் அதிர்வை இழக்க, அடுத்த தகரமும் கூடவே இழக்கிறது. முதலில் அஃஸ்ஸ்ஸ் என்று அதிர்வோடு நீட்டி, அதிர்வை நிறுத்தாமலே த³ரர் என்று முடியுங்கள்.

காதல் என்றால் பாலினம் என்று கேட்கிறது

காதல் ஸெர், பாலினம் ஸெற். எடுத்துச்செல் என்பது த¹ர், எழுத்து த¹ற். நடனம் ப¹ர், சொல் ப³ற். ரகர றகர வேறுபாடு எழுத்தில் நமக்கு உண்டு. தமிழகத்தின் பெரும்பகுதியில் பேச்சில் மங்கிவிட்டது. கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர்கள் இன்னும் பிரித்துச் சொல்கிறார்கள், அவர்களுக்கு இங்கே நேர்வழி. மற்றவர்கள் ர-வுக்கு நுனிநாக்கை ஒருமுறை தட்டியும், ற-வுக்குப் பலமுறை உருளவிட்டும் பழக வேண்டும். சொல் கடைசியில் உருட்டல் கைவிட்டுப் போகும். த¹ற்ற்ற் என்று மிகைப்படுத்தியே தொடங்குங்கள்.

மேற்கு ஆர்மீனியம் பேசுவோர் பலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்வதால், அவர்களோடு பழகுவோர் இதற்காக வருந்த வேண்டியதில்லை. ஈரான் ஆர்மீனியரிடம் பேசுவோருக்கு இன்னொரு வசதி: அவர்களின் ர நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது. நாக்கை மடித்துச் சொல்லலாம்.

எல்லாம் சரி, ஆனாலும் ஏதோ ஒட்டவில்லை

இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, டகரம். ஆங்கில எழுத்தில் பெயரைக் கண்டதும் த-வுக்குப் பதில் ட வந்துவிடுகிறது. து¹ன் என்ற வீடு 'டுன்' ஆகிறது. ஆர்மீனியத்தில் நாக்கை மடிக்கும் வல்லினமே கிடையாது. தமிழ்த் தகரத்தின் இடத்தில் நில்லுங்கள்.

இரண்டாவது, அழுத்தம். தமிழில் சொல்லின் முதல் அசைக்கே எடுப்பு. ஆர்மீனியத்தில் கடைசி முழு உயிருக்கு. யெரெவன் என்றால் வன் உயர வேண்டும், ஹயஸ்த¹ன் என்றால் த¹ன். குறுகிய ’ அழுத்தம் ஏற்காது. அதனால் கி³ர்க்²’ என்பதில் அழுத்தம் கி³ மீதே நிற்கும். 'ஒருவேளை' என்ற கு³த்ஸெ², 'அதுபோலவே' என்ற நுய்ன்பெ¹ஸ் போன்ற சில சொற்கள் மட்டும் முதல் அசையில் அழுத்தம் கொள்கின்றன. அவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள்.